மனம் தேறியதற்குச் சான்றொப்பம்

பெத்ரா மான்சா நகரில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று நிரூபிக்க, அவர் நேரில் வந்து நின்று இருமிக் காட்டினால் போதாது. ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து அவருடையதுதான் என்று நோட்டரி அலுவலகத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் அவர் விடும் மூச்சு சட்டப்படி செல்லும். பிரேசிலில் பிறந்த எங்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

அந்தச் சான்றொப்ப முத்திரையை வைப்பவன் நான். பெயர் அடெல்மோ. இரண்டாம் ஜன்னல், பத்தொன்பது ஆண்டுப் பணி. ஊரில் பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவருடைய மாதிரிக் கையெழுத்து அட்டையும் எனக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அலமாரியில் தூங்குகிறது. வந்த தாளை அட்டைக்குப் பக்கத்தில் வைப்பேன். பூதக்கண்ணாடியில் பார்ப்பேன். பொருந்தினால் முத்திரை, பொருந்தாவிட்டால் “அடுத்தவர்!”. நகரத் தலைவர் தார்சீசியோ கை முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது போட்ட கையெழுத்தையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் நேர்மையை அவர் மேடையில் பாராட்டினார். மேடையை விட்டு இறங்கிய பிறகு சொன்னதும் என் காதில் விழுந்தது.

இவ்வளவு கறாரான ஆளுக்கும் காதல் வந்தது. ஜுசாரா, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஊரில் எவனுக்கும் பிரேக் எது, கிளட்ச் எது என்று மறந்துபோகும். எனக்கும் மறந்துபோனது. இன்றுவரை எனக்கு லைசென்ஸ் கிடையாது.

எங்கள் நாட்டில் காதலர்கள் நெடுநாள் ஒன்றாகத் திரிந்தால், அவர்களைக் குடும்பம் என்று சட்டமே முடிவு கட்டிவிடக்கூடும். அதனால் எச்சரிக்கையுள்ளவர்கள் காதல் ஒப்பந்தப் பத்திரம் எழுதிக்கொள்வார்கள். நானும் எழுதினேன். நாலாவது பாரா இப்படிப் போகும்: ‘மேற்படி இருவருக்கும் இடையே நிலவுவது காதல் மட்டுமே. குடும்பம் அமைக்கும் நோக்கம் இருவரில் எவருக்கும் அறவே இல்லை.’ ஆண்டுதோறும் ஜூன் பன்னிரண்டு, எங்கள் காதலர் தினத்தன்று அதைப் புதுப்பிப்போம். மற்றவன் எல்லாம் சாக்லேட் கொடுத்தான். நான் முத்திரை வைத்த பிரதி இரண்டு கொடுத்தேன்.

ஏழாவது ஜூனில் ஜுசாரா என் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு கேட்டாள்.

“இந்த வருஷமும் அதே பாராதானா?”

“அதேதான். தேதிய மட்டும் மாத்திட்டேன்.”

“வேற எதையும் மாத்தணும்னு உனக்குத் தோணலயா, அடெல்மோ?”

நான் பத்திரத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். “எழுத்துப் பிழை ஏதும் இல்லையே.”

அவள் பேனாவை மூடி ஜன்னல் திட்டில் வைத்தாள். போய்விட்டாள். பேனா அலுவலகச் சொத்து என்பதால் எடுத்து உள்ளே வைத்தேன். அவள் திரும்ப வரமாட்டாள் என்பது எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது.

நான் பாட்டுக்குத் துக்கத்தில் இருந்திருப்பேன். யாருக்கும் தொந்தரவு இருந்திருக்காது. ஆனால் அந்த அக்டோபரில் நகரத் தலைவர் தலைநகரில் ஒரு மாநாட்டுக்குப் போய் வந்தார். போகும்போது வெறும் பெட்டியோடு போனவர், வரும்போது ஒரு கொள்கையோடு வந்தார். பழைய காதலின் காயம் ஆறாதவர்கள்தான் புதிய காதலையும் கெடுக்கிறார்களாம். அதனால்தான் ஊரில் சண்டை, விவாகரத்து, சாலையில் குழி எல்லாமே. ஆகவே ‘உணர்வுநல மேம்பாடு மற்றும் மனமுறிவு மறுவாழ்வுத் துறை’ தோற்றுவிக்கப்பட்டது. இனி எவர் திருமணம் பதிவு செய்தாலும், மணமக்களும் அவர்களுடைய முன்னாள் காதலர்களும் ‘நிலுவைத் துயரமின்மைச் சான்றிதழ்’ தாக்கல் செய்ய வேண்டும்.

துறைக்குத் தலைவியாக டாக்டர் கிராசியெலா வந்தார். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளை லினன் உடுப்பு, கையில் ஒரு சின்ன வெண்கல மணி. அவர் பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை ஆட்டுவார், பேசி முடித்ததும் ஒரு தடவை ஆட்டுவார். வந்த மூன்றாம் நாளே என் ஜன்னலுக்கு வந்து மணியை ஆட்டினார்.

“அடெல்மோ சார், ஒருத்தர் மனசு தேறிடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“நீங்கதானே டாக்டரம்மா சொல்லணும்?”

“எனக்குத் தெரியும். ஆனா ஆடிட்ல கேட்டா காட்டறதுக்கு ஒரு அளவு வேணுமே.”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். தொழில் கர்வம் விடவில்லை.

“எனக்கு மனசப் பத்தித் தெரியாதும்மா. கையெழுத்தப் பத்தித் தெரியும். மனசு கலங்கினா கை கலங்கும். அட்டையோட பொருந்தாது.”

அவர் மணியை ஆட்டினார்.

ஒன்பதாம் எண் படிவம் இப்படித்தான் பிறந்தது. விண்ணப்பதாரர் தம் முன்னாள் காதலரின் பெயரைத் தம் கைப்பட எழுத வேண்டும். ‘மேற்படி நபர் மீது எனக்கு எவ்வித ஏக்கமும் நிலுவையில் இல்லை’ என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். காதலுக்கு முன்பு எடுத்த மாதிரி அட்டையோடு அது பொருந்தினால் மனம் தேறிவிட்டது. பொருந்தாவிட்டால் ஆறு வாரப் பயிற்சி, பிறகு மறுதேர்வு.

மே மாதத்தில் ஜுசாராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வாண்டர்லெய், தண்ணீர் பம்பு மெக்கானிக். மாத்தோ க்ரோஸ்ஸோ பக்கம் ஒரு பெரிய பண்ணையில் அவனுக்கு வேலை, குடியிருக்க வீடு. ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக்குள் மனைவியோடு வந்து சேர வேண்டும் என்று பண்ணைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே அவளுடைய முன்னாள் காதலனாகிய நான் ஜூலைக்குள் தேறியாக வேண்டும்.

படிவத்தை வாங்கினேன். ஜுசாரா என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்கு நானே சான்றளிக்க முடியாதே, அதனால் மூன்றாம் ஜன்னல் சுல்மீராவிடம் நீட்டினேன். அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவன் நான்.

சுல்மீரா பூதக்கண்ணாடியில் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, முதல் எழுத்து முதுகு வளைஞ்சுபோச்சு. வால் கீழ விழுந்து கெடக்கு.”

“கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுப் பாரு.”

“தள்ளிப் பிடிச்சாலும் கெடக்குது. நீங்க சொல்லிக்குடுத்ததுதான். மன்னிச்சுக்குங்க. அடுத்தவர்!”

அவளைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

பயிற்சிக்குப் போனேன். பழைய கோழி ஏல மண்டபத்தில் பாய் விரித்து, இருபது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். அவர் வெளியே விடச் சொல்வதற்குள் கசாப்புக்கடை ஜெனீசியோ தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். அவரை விட்டுப் போனவள் போய் முப்பது வருஷம் ஆகிறது. மூன்றாம் வாரம் ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்து, நம்மை நாமே மணந்துகொள்ளச் சொன்னார்கள். “இதுக்கு ஒப்பந்தப் பத்திரம் உண்டா டாக்டரம்மா?” என்று கேட்டேன். மணிதான் பதில். கடைசி வாரம் துயரத்தை எழுதி பலூனில் கட்டி ‘விட்டுவிடும்’ பயிற்சி. மற்றவர்களின் பலூன் மலைக்கு அந்தப்பக்கம் போனது. என்னுடையது ஓட்டுநர் பள்ளிக்கு எதிரே மின்கம்பியில் மாட்டி, ஒன்பது நாள் அவள் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தது. மின்வாரிய ஆள் வந்து குச்சியால் தட்டி எடுத்தான்.

மறுதேர்வில் வால் இன்னும் கீழே விழுந்தது.

இதற்குள் துறையின் ஏழாம் விதி வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. ஒரு கோப்பு மூடப்படாதவரை அதைச் சார்ந்த எந்தக் கோப்பும் நகரக்கூடாது. என் கோப்பு மூடினால்தான் ஜுசாராவின் கோப்பு மூடும். அது மூடினால்தான் வாண்டர்லெய் கோப்பு. அது மூடினால்தான் அவனுடைய முன்னாள் காதலி கால்நடை மருத்துவரைக் கட்டிக்கொள்ள முடியும். கால்நடை மருத்துவரின் முன்னாள் காதலிக்கு ஒரு பேக்கரிக்காரன் காத்திருந்தான். இப்படியே போய் மொத்தம் பதினொரு கல்யாணம் என் ஒரு கையெழுத்தின் வாலில் தொங்கின. துறையின் அறிவிப்புப் பலகையில் பெரிய வரைபடம் ஒட்டினார்கள். உச்சியில் சிவப்பு மையில் என் பெயர்.

ஊர் என்னைத் தேற்றப் புறப்பட்டது. சும்மா சொல்லக்கூடாது, எங்கள் ஊர்க்காரர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். காலையில் காபி ஃபிளாஸ்க், சூடான சீஸ் உருண்டை. மாலையில் கொய்யா அல்வா, பக்கத்தில் வெள்ளைச் சீஸ் ஒரு துண்டு. நான் சாப்பிடும்போது எல்லாரும் என் வலது கையையே பார்ப்பார்கள்.

“முகத்துல தெளிவு வந்துருச்சு” என்பாள் பேக்கரிக்காரனின் அம்மா.

“வயிறுதான் வந்துருக்கு” என்பார் கால்நடை மருத்துவர். நாடி பிடித்துப் பார்ப்பார். மாட்டுக்குப் பிடிப்பதுபோலத் தாடைக்குக் கீழே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாண்டர்லெய்யே வந்தான். அவனை வெறுக்க வேண்டும் என்று இரண்டு மாதமாகத் தயாராக இருந்தேன். வந்தவன் நேரே குளியலறைக்குப் போனான்.

“அண்ணே, கரண்ட்ல வெந்நீர் வர்ற ஷவர் ஷாக் அடிக்குதாமே? சுல்மீரா சொன்னாங்க.”

“அது மூணு மாசமா அடிக்குது.”

“இதோட எப்படிக் குளிச்சீங்க?”

“செருப்புப் போட்டுக்கிட்டு.”

அரைமணி நேரம் கழித்து ஈரச் சட்டையோடு வெளியே வந்தான். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்துப் பேசினான்.

“அண்ணே, ஒங்கள அவசரப்படுத்தல. ஆனா ஒண்ணாந் தேதிக்குள்ள போகலைன்னா வேலை போயிடும். எனக்காகக் கொஞ்சம் தேறிடுங்களேன்.”

“நான் என்ன வேணும்னா வச்சிருக்கேன், தம்பி? கைதான் கேக்க மாட்டேங்குது.”

“தெரியும்ணே. அவ பேர எழுதச் சொன்னா யாரு கைதான் கேக்கும்?” என்றான். நல்ல பையன். அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாகப் போனது.

ஜூலை இருபத்தாறாம் தேதி. சுல்மீரா பல் பிடுங்கப் போயிருந்தாள். ஜுசாரா தன் பங்குக்கு ஒன்பதாம் படிவத்தோடு வந்தாள். விட்டுப் போனவள் அவள்தானே, அவளுடையது வெறும் சம்பிரதாயம் என்று துறையே கடைசிவரை கேட்காமல் விட்டிருந்தது. திறந்திருந்த ஜன்னல் ஒன்றுதான். என்னுடையது.

“சுல்மீரா இல்லையா?”

“பல்லு.”

“அப்ப நீங்களே பாருங்க” என்றாள். ஏழு வருஷம் ‘நீ’ என்று கூப்பிட்டவள்.

என் கண் முன்னால் என் பெயரை எழுதினாள். நிதானமாக, அழகாக எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். பதினெட்டு வயதில் அவள் கொடுத்த அட்டையை அலமாரியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அட்டையில் முதல் எழுத்து கொடிக்கம்பம் மாதிரி நேராக நின்றது. படிவத்தில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, நடுவில் ஒருமுறை நின்று, பேனாவைத் தூக்கி மறுபடி வைத்தாற்போல ஒரு புள்ளி விழுந்து, தள்ளாடிக்கொண்டு போனது.

பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு பொருந்தாத கையெழுத்தை நான் பார்த்ததில்லை.

“பேனா சரியில்ல” என்றாள்.

வேறு பேனா கொடுத்தேன். வேறு படிவம் கொடுத்தேன். இரண்டாவது முதலாவதைவிட மோசம்.

அவள் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். அந்த நாலாவது பாரா பொய் என்று சொல்ல வேண்டும். போகாதே என்று சொல்ல வேண்டும். வரிசையில் அவளுக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள், அவர்கள் நின்றால் என்ன? வாயைத் திறந்தேன்.

“பிரதி எத்தனை வேணும்?” என்று கேட்டேன்.

அவள் கண் ஒருமுறை இமைத்தது.

“ரெண்டு.”

முத்திரையை மையில் தோய்த்தேன். குத்தினேன். ‘மாதிரியோடு பொருந்துகிறது.’ என் வாழ்க்கையில் முதல் பொய் முத்திரை.

“நெஜமாவே பொருந்துதா?”

“பொருந்துது.”

“நல்லாப் பாத்தியா அடெல்மோ?”

“பத்தொம்பது வருஷமாப் பாக்கறேன்.”

“ஆமா” என்றாள். “பாத்துக்கிட்டேதான் இருந்த.” தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

நான் செய்தது பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டேன். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்த சுல்மீராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“பெருந்தன்மையாவது மண்ணாவது. பயம்ணே அது” என்றாள். பிறகு என் படிவத்தை வாங்கி, அட்டையைத் தேடி எடுக்காமலேயே முத்திரை குத்தினாள். கூடவே தன் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினாள். அதில் ஒரு பெயர் இருந்தது. எனக்குத் தெரிந்தவன்தான், கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் உள்ளவன். நானும் அட்டையைத் தேடவில்லை.

செய்தி எப்படித்தான் பரவியதோ. ஒரே வாரத்தில், கல்யாணம் இருந்தவர் இல்லாதவர் எல்லாருமாக ஊரே வரிசையில் நின்றது. ஜெனீசியோ வந்தார். பேக்கரிக்காரனின் அம்மா வந்து, செத்துப்போன கணவர் பெயரல்லாத வேறொரு பெயரை எழுதிவிட்டு, “யார்கிட்டயும் சொல்லாதே” என்றாள். கடைசி நாள் டாக்டர் கிராசியெலா தம் சொந்தப் படிவத்தோடு வந்தார். மணி கையில் இல்லை. ஒரு கையெழுத்துகூடப் பொருந்தவில்லை. எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்தேன். பதினொரு கல்யாணமும் நடந்தன. ஜுசாராவின் கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. போனேன், சாப்பிட்டேன், வீட்டுக்கு வந்து அழுதேன். ஷவர் ஷாக் அடிக்காததால் நெடுநேரம் அழ முடிந்தது.

நூற்றுக்கு நூறு பேர் தேறிய ஊர் என்று மாநிலமே வாயைப் பிளந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. மாநிலத் தணிக்கை அதிகாரி ஒருவர், ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு மனிதர், பெட்டி நிறையப் பூதக்கண்ணாடியோடு வந்தார். நான்காயிரத்துச் சொச்சம் படிவத்தையும் அட்டைகளோடு வைத்துப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. என்னைக் கூப்பிட்டார். என் வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே போய் நின்றேன்.

“இது உங்க முத்திரைதானே?”

“ஆமா சார்.”

“அரசாங்க முத்திரை தப்பா இருக்க முடியுமா?”

யோசித்தேன். “விதிப்படி முடியாது சார்.”

“படிவம் தப்பா?”

“அது அரசாணைப்படி அச்சடிச்சது சார்.”

“அப்ப தப்பு எதுல?”

“தெரியல சார்.”

“அட்டையில” என்றார். “உங்க ஊரு அட்டை எல்லாமே பழசு. சின்ன வயசுல, அனுபவம் இல்லாதப்ப போட்ட கையெழுத்து. அத வச்சுக்கிட்டா ஒரு மனுஷன அளக்கறது?”

அவர் பரிந்துரைத்தபடியே சுற்றறிக்கை வந்தது. பழைய மாதிரி அட்டைகள் முழுவதும் ரத்து. ஒன்பதாம் படிவத்தில் உள்ள கையெழுத்தே இனி ஒவ்வொருவருக்கும் அதிகாரபூர்வ மாதிரி. வங்கியானாலும் வாக்குச்சாவடியானாலும் முன்போல நிமிர்ந்து நேராகக் கையெழுத்துப் போடுகிறவர்களின் தாள் திருப்பி அனுப்பப்படும். தைரியமாக நேராகப் போட்டுப் பார்த்த கால்நடை மருத்துவருக்குச் சம்பளமே நின்றுவிட்டது. பாவம், பழைய காதலியை நினைத்துக்கொண்டு போட்ட பிறகுதான் கிடைத்தது. இந்தப் புது முறை மிகவும் சிறப்பாக இருப்பதால் அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் வருகிறது. நகரச் சதுக்கத்தில் ‘துயரமற்ற நகரம்’ என்று கல்வெட்டு வைத்தார்கள். திறந்துவைத்த நகரத் தலைவர், கீழே தள்ளாடும் ஒரு கையெழுத்தைச் செதுக்கச் சொல்லியிருந்தார். யாரை நினைத்துப் போட்டார் என்று அவர் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் பதவி உயர்வு வந்தது. நேற்று ஜன்னலைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஜுசாரா என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டு, என் புது அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முதுகு வளைந்திருந்தது. வால் கீழே விழுந்து கிடந்தது. அச்சு அசலாகப் பொருந்தியது. சட்டப்படி எனக்கு ஒரு குறையும் இல்லை.